வசுமதியின் பசி போன இடம்

எங்கள் நகரத்தில் பகல் பன்னிரண்டரை மணிக்குப் பசிகள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். ஆளுக்கு ஒன்று. ஆள் என்ன உயரமோ அதே உயரம், என்ன சாயலோ அதே சாயல். நிறம் மட்டும் பலமுறை துவைத்த துணி மாதிரி வெளிறியிருக்கும். அவை தங்களுக்குப் பிடித்த ஓட்டலுக்குப் போய் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். நாம் ஒரு மணி சுமாருக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் கவளத்தைப் பசிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாம் சாப்பிடலாம். பகலில் இந்த ஒரு வேளை ஒழுங்காக முடிந்தால்தான் மற்ற வேளைகளின் சாப்பாடும் உள்ளே இறங்கும்.

நகரத்தில் நூற்றுப் பதினான்கு நாடுகளின் உணவகங்கள் இருப்பதாக மாநகராட்சி சொல்கிறது. உள்ளூர் மெஸ்களும் பிரியாணிக் கடைகளும் அதில் சேரா. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பெரிய அதிசயமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை. என் பசி தருமையா மெஸ்ஸுக்குப் போகும், ஜன்னலோரம் மூன்றாவது இருக்கையில் உட்காரும். என் அப்பாவின் பசி உட்கார்ந்த இடம் அது. நூற்றுப் பதினான்கு நாடுகளும் எனக்கு எதற்கு?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சிகாமணி டிரைவிங் ஸ்கூல் என்றால் பேருந்து நிலையம் பக்கம் தெரியும். எங்கள் வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் ஓட்டும் வண்டியை நான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

என் மனைவி வசுமதியின் பசியும் தருமையா மெஸ்ஸுக்குத்தான் போகும். கல்யாணத்தன்று மணமக்களின் துணியை முடிச்சுப் போட்ட பிறகு, பெண்ணின் பசியை மாப்பிள்ளையின் பசி கையைப் பிடித்துத் தன் ஓட்டலுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். எங்கள் கல்யாணத்திலும் அப்படியே நடந்தது. மெஸ்ஸில் என் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் நான் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். அவள் பசி கைக்குட்டையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

ஐப்பசி பிறந்த முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் மெஸ்ஸுக்குப் போனபோது அந்த இருக்கை காலியாக இருந்தது. இரண்டு இலை போட்டிருந்தார்கள். என் பசி ஒரு இலையின் முன்னால் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வசுமதி காலி இருக்கையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

"மழையில எங்கயாவது ஒதுங்கியிருக்கும். நீ சாப்பிடு" என்றேன்.

அவள் ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தாள். சோறு உள்ளே போகவில்லை. வைத்தது வைத்தபடியே இருந்தது. எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். நான் மூன்றாவது தடவை குழம்பு வாங்கி முடிக்கும் வரை அவள் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் பசி வரவில்லை. மூன்றாம் நாள் வார்டு அலுவலகத்தில் பசிப் பிரிவுக்குப் போனோம். அங்கே ஜெயசீலி என்று ஒரு அம்மா இருந்தார், கழுத்தில் அளவு டேப் போட்டுக்கொண்டு. காணாமல் போன பசிக்கான படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். உயரம், அங்க அடையாளம், கடைசியாக எந்த முகபாவத்தில் இருந்தது என்று மூன்று கேள்விகள். நான் உயரத்தை மட்டும் எழுதினேன். அடையாளம் என்ற இடத்தில் என் மனைவியைப் போலவே இருக்கும் என்று எழுதினேன். முகபாவம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கும் சார்?" என்றார் ஜெயசீலி.

"பக்கத்துலதான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுற ஆளு மேடம்."

போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோயிருந்தேன். படத்தில் நாங்கள் இருவர், எங்களுக்குப் பின்னால் எங்கள் பசிகள் இரண்டு. என் பசி கேமராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியிருந்தது. அவளுடையது சட்டென்று வேறு பக்கம் திரும்பியிருந்ததால் முகம் கலங்கிப்போயிருந்தது. ஜெயசீலி அதையே நகலெடுத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்கு எதிரிலேயே டாக்டர் இருந்தார். அவர் வசுமதியின் நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "முப்பது நாள் தாங்கும்" என்றார். "பாதிக்கு மேல போனா உடம்பு கண்ணாடி மாதிரி ஆகும். முப்பது தாண்டினா ஆளையே தேட வேண்டியிருக்கும். தண்ணி நிறையக் குடிங்க."

நாங்கள் தேட ஆரம்பித்தோம். தினமும் பதினொன்றரைக்கே பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம், ஒரு மணிக்கு மட்டும் நான் மெஸ்ஸில் என் பசியோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். வசுமதி ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் வெயில் என்று ஒன்று வரவே இல்லை. நடுப்பகலிலேயே கடைகளில் விளக்கு எரிந்தது. பர்மாக்காரர்களின் அத்தோ நூடுல்ஸ் கடைகளில் பார்த்தோம், ஈரத் தரையில் பசிகள் நின்றுகொண்டே காத்திருந்தன. அரபு நாட்டு மந்திச் சோற்றுக் கடைகளில் அவை பெரிய தட்டைச் சுற்றித் திண்டில் சாய்ந்திருந்தன. ஜப்பான் உணவகத்தில் எல்லாம் முழங்காலிட்டிருந்ததால் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கொரியா கடையில் கல்லூரிப் பெண்களின் பசிகள் ஒரே மாதிரி முடி வெட்டிக்கொண்டு நாற்பது உட்கார்ந்திருந்தன. மெக்சிகோ உணவகத்தை நடத்துகிறவர்கள் விருதுநகர் அண்ணன் தம்பி. "அக்கா சாயல்ல ஒண்ணு போன வாரம் வந்துச்சு" என்று தம்பிக்காரர் சொன்னார். "மெனு கார்டை முழுசாப் படிச்சுச்சு. திரும்பவும் முதல்லேர்ந்து படிச்சுச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு."

அதன் பிறகு பல இடங்களில் இதையே சொன்னார்கள். இத்தாலியிலும் படித்திருக்கிறது, லெபனானிலும் படித்திருக்கிறது. பெரு நாட்டு உணவகத்தில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அடுத்த மேசைக்குப் போகும் தட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். எதையும் கேட்கவில்லையாம். கேட்பதற்கு ஆள் பக்கத்தில் இருந்தால்தானே பசி ஒன்றைக் கேட்க முடியும்.

பதினொன்றாம் நாள் சுவிட்சர்லாந்து உணவகத்தில் என் அம்மாவின் பசியைப் பார்த்தேன். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இறந்தவர்களின் பசிகளுக்கு உணவகங்களில் பின்பக்கம் தனி வரிசை உண்டு, அவற்றுக்குத் துணைக்கு யாரும் வர வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க மிளகு ரசத்தோடு முடித்துக்கொண்டவர் என் அம்மா. அவர் பசி ஒரு நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, உருகிக் கொதிக்கும் பாலாடைக்கட்டியில் முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தாடையில் ஒழுகியிருந்தது.

"அம்மா" என்றேன்.

அது என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு இடது கையால் தட்டை மறைத்துக்கொண்டது.

வசுமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போலாம். அத்தை சாப்பிடட்டும்" என்றாள். அம்மாவுக்கு ரசம்தான் உயிர் என்று காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் சமையலறைக் குழாயடியில் வசுமதி நின்றபோது அவள் தோள் வழியாக எதிர்ச்சுவர் நாள்காட்டியின் தேதி எனக்குத் தெரிந்தது. பதினெட்டாம் நாள் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தெரிந்தது. புடவை மட்டும் வழக்கம்போல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி அவளோடு பேசும்போது சரியாக முகம் இருக்கும் இடத்தைப் பார்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடி ஜெயசீலியிடம் ஓடினோம். என் பசியை அவளுக்குப் பாதி எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பகிர்வுப் படிவம் என்று ஏதாவது இருக்குமே, கொடுங்கள் என்றேன். ஜெயசீலி இழுப்பறையைத் திறந்து தேடினார். அவர் கையில் படிவம் கிடைப்பதற்குள் வசுமதி பேசினாள்.

"வேண்டாம் மேடம். இருபத்திரண்டு வருஷமா இவரு பசியத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற குரலில் சொன்னாள். ஜெயசீலி இழுப்பறையை மூடி, எங்கள் விண்ணப்பத்தின் மேல் இன்னொரு முத்திரை குத்தினார். திரும்பி வரும் வழி முழுக்க நான் சிக்னலே இல்லாத இடங்களில் எல்லாம் பிரேக்கை மிதித்தேன்.

இருபத்தேழாம் நாள் பசி கிடைத்துவிட்டது.

பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் எத்தியோப்பிய உணவகம் ஒன்று இருக்கிறது. தொண்டிக்காரர் ஜலாலுதீன் பாய் நடத்துகிறார். அடிஸ் அபாபாவில் பதினொரு வருடம் லாரி ஓட்டியவர். ஊத்தப்பத்தைவிடப் பெரியதாக, ஆப்பம் போல் துளைவிழுந்த புளித்த ரொட்டி ஒன்றைத் தட்டு முழுக்க விரித்து அதன் மேலேயே குழம்பு வகைகளை வைப்பார்கள். ஒருவர் கவளத்தை உருட்டி மற்றவர் வாயில் வைப்பது அந்த நாட்டு மரியாதை. உள்ளே நுழைந்ததும் கடைசி மேசையில் வசுமதியின் பசி உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டு இருந்தது. தட்டில் கை வைக்காமல், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

நான் முதல்முறையாக அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. திரும்பி வசுமதியைப் பார்த்தேன். அவளுக்கும் இருந்தது, இன்னும் கொஞ்சம்தான் மிச்சமிருந்த அந்தப் புருவத்தில்.

"ஒன்பது நாளா இப்படித்தான் உக்காந்திருக்கு" என்றார் பாய். "யாராவது ஊட்டுவாங்கன்னு பாக்குது. நாங்க ஊட்டக் கூடாது சார், உரியவங்கதான் ஊட்டணும்."

வசுமதி போய் எதிரில் உட்கார்ந்தாள். பசி அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"யாரு நீங்க?" என்று கேட்டது.

"வசுமதி."

"எனக்குத் தெரிஞ்ச வசுமதி கல்யாணத்தோட சாப்பிடறத விட்டுட்டாளே" என்றது பசி.

பாய் என்னைத் தனியாக அழைத்து விதியைச் சொன்னார். பிரிந்துபோன பசி ஆளை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் ஒரு சாட்சி வேண்டும். அந்த ஆளோடு அதிக வேளைகள் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் சாட்சி. அவர் அந்த ஆளுக்குப் பிடித்த மூன்று பண்டங்களைச் சொல்ல வேண்டும், மூன்றில் ஒன்று சரியாக இருந்தாலும் போதும், பசி எழுந்து வந்து சேர்ந்துகொள்ளும். ஆளே சொன்னால் செல்லாது. சொல்லிக்கொடுத்தாலும் செல்லாது.

"இவ்வளவுதானா?" என்றேன். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. ஒன்பது நாள் முன்பே இந்தக் கடைக்கு வந்திருக்கலாமே என்று தோன்றியது. எட்டாயிரம் வேளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மேசைக்கு அருகில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். வசுமதி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தின் வழியாகப் பின்னாலிருந்த தண்ணீர்ப் பானை தெரிந்தது.

"மணத்தக்காளி வத்தக்குழம்பு" என்றேன்.

அவள் பசி அசையவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தெருக்கோடியில் திரும்பி என் பசி வருவது தெரிந்தது. அது அந்நேரம் மூன்று கிலோமீட்டர் தள்ளி தருமையா மெஸ்ஸில் ஜன்னலோரம் இருக்க வேண்டியது.

"சேப்பங்கிழங்கு வறுவல். நல்லா மொறுமொறுன்னு" என்றேன், சற்று வேகமாக.

என் பசி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டது. தொப்பையை மேசைகளுக்கு நடுவே சாமர்த்தியமாக நுழைத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. பாய் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. நான் அவசரமாக யோசித்தேன். அவள் எதையாவது இரண்டாவது தடவை கேட்டு வாங்கியிருக்கிறாளா? எதையாவது சாப்பிடும்போது கண்ணை மூடியிருக்கிறாளா? கல்யாணமான புதிதில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஏதோ ஒரு வண்டிக்காரரைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் பேருந்து வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். வண்டியில் என்ன இருந்தது? வேகவைத்ததா, பொரித்ததா, பழமா? அவள் கை நீட்டியது தெரிகிறது, வளையல் தெரிகிறது, வண்டி தெரியவில்லை. மூளையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பழக்கத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

"தயிர் சாதம், மாவடு" என்றேன்.

என் பசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வசுமதியின் பசிக்கு முன்னால் இருந்த தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துப் பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட ஆரம்பித்தது. அவள் பசி திறந்திருந்த வாயை மூடிக்கொண்டது. எழுந்து போய், ஒன்றும் சாப்பிடாத கையைக் குழாயில் கழுவிக்கொண்டு, கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போனது.

"ஏங்க, அதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சது" என்றாள் வசுமதி.

"உனக்குப் பிடிக்காதா?"

"யாரு கேட்டா?"

எனக்கு அவமானமாக இருந்தது. பாய் தண்ணீர்க் குவளைகளை அடுக்குவது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வசுமதி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். என் பசி வரவில்லை, அது இன்னும் ஒரு ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

முன்னால் அவள் பசி, பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான். யாரும் வேகமாக நடக்கவில்லை. பசி ஒவ்வொரு உணவக வாசலிலும் ஒரு நிமிடம் நின்றது. வியட்நாம் வாசலில் நின்றது, துருக்கி வாசலில் நின்றது, ஆந்திரா மெஸ் வாசலில் நின்று கரும்பலகையைப் படித்தது. கடைகள் தீர்ந்து போகும் வரை நடந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே, மூடிக்கிடந்த டயர் கடை பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. அதில் கிடந்த சிமெண்ட் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டது. வசுமதி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். மழை அவள் மேல் விழாமல் அவள் வழியாக விழ ஆரம்பித்திருந்ததால் குடையால் பெரிய பிரயோஜனமில்லை.

"அங்க ஒண்ணும் இல்லையே வசு, எந்திரி" என்றேன். "இன்னும் மூணு நாள் இருக்கு. நாளைக்கு மொராக்கோ பக்கம் பாக்கலாம்."

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தபோது பசி ஏதோ மெதுவாகக் கேட்பதும், அவள் யோசித்து யோசித்துப் பதில் சொல்வதும் தெரிந்தது. சில பதில்களுக்கு அவள் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு பதிலைச் சொல்லிவிட்டு இல்லை என்று தலையாட்டி வேறு பதில் சொன்னாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இப்போது புடவையும் மறைக்காததால் தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வண்டி அவள் முதுகு வழியாக முழுசாகத் தெரிந்தது, அதன் எண் உட்பட.

நாலரை மணிக்கு ஜெயசீலி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மழைக்கோட்டுக்கு மேல் அளவு டேப் தொங்கியது.

"மூணு மணி நேரம் ஆச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஆயிற்று என்றேன். ஒரு பசி கடையில்லாத காலி இடத்தில் மூன்று மணி நேரம் எழாமல் உட்கார்ந்துவிட்டால் அங்கே மாநகராட்சி உணவகம் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். நூற்றுப் பதினான்கும் அப்படி வந்தவைதானாம். அவர் மனையை அளந்து குறித்துக்கொண்டு வசுமதியிடம் போனார்.

"எந்த நாட்டுச் சாப்பாடு மேடம்?"

வசுமதி அவர் காதில் சொன்னாள். ஜெயசீலி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். நான் நெருங்கி எட்டிப் பார்த்தபோது தாளை மடித்துக்கொண்டார்.

"நீங்க பாக்க வேணாம் சார். இது மேடத்தோட பசி விஷயம்."

ஐந்தரைக்குச் சுவர் எழும்பிவிட்டது. ஆறு மணிக்குப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. தாளிக்கும் சத்தம் கேட்டது. அந்த வாசனையை நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை. புளிப்பா, கருப்பட்டியா, சுட்ட சோளமா என்று பிரிக்க முடியவில்லை. அல்லது மூன்று வாசனைகளும் எங்கள் வீட்டுத் தெருவிலேயே வந்துகொண்டிருந்தவையோ என்னவோ. வசுமதியும் அவள் பசியும் ஒன்றாகக் குனிந்து உள்ளே போனார்கள். நானும் படியில் கால் வைத்தேன். உள்ளே இரண்டு நாற்காலிகள்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஜெயசீலி சொன்னார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பசி ஒரு கவளத்தை உருட்டி அவள் வாயில் வைத்தது. அவள் ஒன்றை உருட்டி அதன் வாயில் வைத்தாள். அவள் மெல்லுவதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. நான் கை கழுவப் போகும்போது அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள், அல்லது அப்போதுதான் ஆரம்பிப்பாள். கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை லேசாக ஆட்டிக்கொண்டு மென்றாள். இரண்டாவது கவளத்தில் அவள் தோள் கெட்டியானது. நான்காவதில் பின்சுவர் மறைந்தது. ஏதோ சொல்லிப் பசி சிரித்தது, வாயில் சோற்றோடு அவளும் சிரித்தாள். பிழைத்துவிட்டாள் என்று எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்பதற்காகவும் வந்தது.

ஜெயசீலி வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வந்திருச்சு, பலகைதான் வரல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். டேப்பை என் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் பிடித்தார். தலையிலிருந்து கால்வரை பிடித்தார்.

"கொஞ்சம் அகலம் ஜாஸ்தி. பரவால்ல சார், ஏறுங்க" என்றார்.

ஏணி இருந்தது. ஏறினேன்.

அன்றிலிருந்து நான் இந்த வாசலுக்கு மேலேதான் இருக்கிறேன். இங்கிருந்து தீயணைப்பு நிலையம், டயர் கடை, மார்க்கெட் வளைவு வரை எல்லாம் தெரிகிறது. டிரைவிங் ஸ்கூலை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். பலகைகளுக்குச் சாப்பாடு வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறதாம். என் பசி எத்தியோப்பிய உணவகத்துக்குப் பழகிவிட்டதாகக் கேள்வி.

காலை பத்து மணிக்கு வசுமதி ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்பாள். ஈரத்துணியால் என் சட்டையை மேலிருந்து கீழாகத் துடைப்பாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து அன்றைக்கு என்னென்ன பண்டங்கள் என்று என் மார்பில் எழுதுவாள். அவள் இவ்வளவு வேகமாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. சில நாள் வயிறு வரை இறங்கி எழுதுவாள், இடம் போதாமல் கைகளிலும் எழுதுவாள்.

"இன்னிக்கு என்ன வசு?" என்று கேட்பேன்.

"எழுதியிருக்கேனே" என்பாள். "குனியாதீங்க, கலைஞ்சிரும்."

பகல் ஒரு மணிக்கு முதல் ஆள் வருவார். கீழே நின்று நிதானமாகப் படிப்பார். படித்து முடிக்கும்போது அவர் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். "சார், என்ன சார் போட்டிருக்கு?" என்று மேலிருந்து கேட்பேன். இதுவரை எண்பது பேரிடமாவது கேட்டிருப்பேன். அவர்கள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, உள்ளே போய்விடுகிறார்கள். இப்போது உள்ளே நாற்பது நாற்காலிகள் போட்டிருக்கிறார்களாம்.

மழை பெய்தால் எழுத்து கரைந்து என் கால் பெருவிரல்கள் வழியாகச் சொட்டும். உள்ளே இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் பசிகள் வரிசையாக அண்ணாந்து வாயைத் திறந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. அவை முடிக்கும் வரை நான் காலை ஆட்டாமல் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் வசுமதி ஸ்டூலோடு வந்து மறுபடி எழுதுவாள்.